பட்டியலை வெட்டிய சனிக்கிழமை

போன மாதம் கார்த்திக் என்ற தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து இத்தாலியின் பலெர்மோப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். சீசா என்ற பகுதியில் நான் இருபத்தொரு வருடம் வேலை செய்த சிறுவர் சித்திரக்கூடத்தில் சனிக்கிழமைகளில் இப்போது உதவி செய்கிறார்.

"சார், நீங்க போட்ட சொல்தேடல் ஷீட்டெல்லாம் அலமாரியில பார்த்தேன் சார். ஒரு ஷீட்டுக்கு ரெண்டு நாள் எடுப்பீங்களாமே? இப்ப ஆப் வந்துடுச்சு. வார்த்தையைப் போட்டா ஒரு செகண்ட்ல கட்டம் ரெடி."

என்னை 'சார்' என்று அழைத்த முதல் மனிதர் அவர்தான். அந்த மரியாதைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் "ஓம்" என்றேன்.

"இன்னொண்ணு சார். ஒரு கட்டு ஷீட்ல மட்டும் அடிப்பக்கம் வெட்டியிருக்கு. அதுக்கப்புறம் வந்த எதிலயும் வார்த்தைப் பட்டியலே இல்ல. எலி கடிச்சிடுச்சா?"

"எலி இல்லைத் தம்பி. நான்தான் வெட்டினனான்."

"ஏன் சார்?"

தொலைபேசியில் நீளமாகக் கதைப்பது எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் ஏதாவது எழுதும்படி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழை இருந்தால் மலர்க்குழுவினர் திருத்திக்கொள்ளட்டும்.

இங்கே வந்த முதல் ஆறேழு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீடுகள் துடைத்தேன், ஒரு உணவகத்தில் சட்டி கழுவினேன், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்துரா என்ற பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்றேன். எல்லோரும் செய்ததுதான். என் தனிக் கஷ்டம் கூச்சம். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்கூட எனக்குக் காது சுடும். இந்த ஊர்க்காரர்களோ கல்லையும் கதைக்க வைப்பவர்கள்.

ஒருநாள் பேருந்தில் ஒரு பெரியவர் சொல்தேடல் புத்தகம் ஒன்றில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. இறங்கியவுடன் பத்திரிகைக் கடைக்குப் போய் அதே புத்தகத்தை விரலால் காட்டி வாங்கினேன். அதன்பிறகு எங்கே போனாலும் அது என் கையில் இருந்தது. எழுத்துகள் நிரம்பிய கட்டம், கீழே சொற்களின் பட்டியல். பட்டியலில் உள்ள சொல்லைக் கட்டத்துக்குள் தேடி வட்டம் போட வேண்டும். அதற்கு இத்தாலிய மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை. கண் இருந்தால் போதும். குடைக்குக் கீழே நிற்பதுபோல நான் அந்தப் புத்தகத்துக்குக் கீழே நின்றேன்.

சித்திரக்கூடத்தில் எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. முன்பு தளபாடம் செய்யும் பட்டறையாக இருந்த பெரிய கீழ்த்தள அறை அது. மாலையிலும் சனிக்கிழமையிலும் முப்பது பிள்ளைகள் வருவார்கள். ஊர்ப் பிள்ளைகள், எங்கள் தமிழ்ப் பிள்ளைகள், வங்காளப் பிள்ளைகள், ஆபிரிக்கப் பிள்ளைகள். அவர்கள் போன பிறகு நிலத்தில் எல்லா நிறமும் இருக்கும். நீல நிறம்தான் மோசம். மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும்.

அதை நடத்தியவர் சின்யோரா தொனத்தெல்லா; சின்யோரா என்றால் அம்மையார். அவரைப் போல ஒரு மேலாளரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அறையின் ஒரு மூலையில் நின்று மறுமூலைக்குக் குரல் கொடுக்க மாட்டார். ஒன்று சொல்ல வேண்டுமானால் நடந்து வந்து பக்கத்தில் நின்று, மெதுவாகச் சொல்வார். பிள்ளை வரையும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஏன் அப்படி என்று ஒரு தாய் கேட்டதற்கு, "அவிழ்த்துவிட்டால் இந்தக் கை போய்த் திருத்திவிடும்" என்றார். கோபம் வந்தால் தூரிகைகளைக் கழுவப் போய்விடுவார். சுத்தமான தூரிகையையே அவர் மறுபடி கழுவினால் நாங்கள் எல்லோரும் அமைதியாகிவிடுவோம். துடைக்க வந்த என்னை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. 'சின்யோர் ராசா' என்றுதான். நான் வேலை செய்த வேறு வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைகூட என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டது.

அங்கே சேர்ந்து நான்காம் வருடம் என்று நினைக்கிறேன். இடைவேளையில் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். சின்யோரா வந்து பக்கத்தில் நின்றார். வழக்கம்போல எனக்குக் காது சுட்டது.

"சின்யோர் ராசா, இப்படி ஒன்று நீங்களே செய்ய முடியுமா? எங்கள் பிள்ளைகள் பாதிப் பேருக்குச் சித்திரச் சொற்கள் தெரியவில்லை. விளையாட்டாகப் படித்தால் நல்லது."

நான் தலையை ஆட்டினேன். முடியாது என்று சொல்வதற்கு வாய் திறக்க வேண்டும். தலையை ஆட்டுவது சுலபம்.

அவர் இருபது சொற்களை ஒரு துண்டில் எழுதித் தந்தார். தம்பி கேட்ட இரண்டு நாள் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. முதல் நாள் கணக்குக் கொப்பியின் கட்டத் தாளில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று கோடு அடிப்பேன். மிக நீளமான சொல்லை முதலில் வைப்பேன், அதுவும் சாய்வாக. குறுஞ்சொற்கள் மிஞ்சிய சந்துகளில் எப்படியும் நுழைந்துவிடும். இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் வெட்டிக்கொண்டால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோசம். இரண்டாம் நாள் வெற்றுக் கட்டங்களை நிரப்புவேன். மனம்போன போக்கில் நிரப்பினால் கை திரும்பத் திரும்ப அதே எழுத்துகளைத்தான் போடும், பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். அதனால் எண்களைக் குலுக்கி எடுக்கிற தொம்போலா விளையாட்டின் துணிப்பையில் எழுத்துகள் எழுதிய மட்டைத் துண்டுகளைப் போட்டு, குலுக்கி, வருவதை வந்தபடி நிரப்பினேன்.

குலுக்கி எடுப்பதில் ஒரு ஆபத்து இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் தாளைக் கையில் வாங்கிச் சிறிது நேரத்தில் ஒரு மேசை சிரித்தது. பிறகு அடுத்த மேசை. பிறகு அறை முழுவதும். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தாளை எடுத்துக்கொண்டு சின்யோராவிடம் ஓடினாள். நான் வைக்காத ஒரு சொல் நடுவில் தானாக விழுந்திருந்தது. சிசிலியாவில் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொல்கிற சொல். எல்லாப் பிள்ளைகளும் அதைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள்.

சின்யோரா மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சின்யோர் ராசா, இது என்னுடைய பட்டியலில் இல்லை."

"இல்லை, சின்யோரா."

"இருபது சொல் தந்தேன். பிள்ளைகள் அவ்வளவு ஆசையாகத் தேடினது இதை மட்டும்தான்." சொல்லிவிட்டு வேகமாகத் தூரிகை கழுவப் போனார். கோபம் என்று நினைத்தேன். அவருடைய தோள் இரண்டும் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் எதிர்ப்பக்கக் கோப்பிக்கடை தோத்தோவிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் ஊரில் உள்ள கெட்ட வார்த்தை எல்லாம் அறிந்தவர். கோப்பி ஊற்றியபடி மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், குறுக்காக, சாய்வாக என்று பொறுப்பாக வாசித்து, "சுத்தம்!" என்று கையெழுத்துப் போட்டுத் தருவார். சின்யோரா அந்தச் சனிக்கிழமை சொன்னதை மட்டும் நான் வெறும் பகிடியாக எடுத்துக்கொண்டேன். அதில் இருந்த பாடம் எனக்கு விளங்கப் பல வருடம் பிடித்தது.

இனி ஆரணியின் கதை.

சுகந்தி என்ற தங்கச்சி கபோ என்ற பகுதியில் மாடிவீடுகளின் படிகளைக் கழுவுகிறவர். அவருடைய மகள் ஆரணி ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயிடம் வந்து சேர்ந்தாள். வந்த மாதமே சித்திரக்கூடத்துக்கு அனுப்பினார்கள். என்னைப் போலக் கூச்சம் பிடித்த பிள்ளை. வந்தால் ஓரமாக இருப்பாள். ஆனால் சொல்தேடல் தாளைக் கொடுத்தால் நான்கு நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஜோர்ஜா என்று எப்போதும் வாய் மூடாத ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், அவள் பாதி முடிக்கும் முன் இவள் தாளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். வாரா வாரம் அவள்தான் முதல். என் தாளுக்கு இப்படியும் ஒரு மாணவியா என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோசாலியா மாதா கோயில் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் சுகந்தி மூச்சு வாங்கி நின்றார். மேலே போகிறவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள்தான் என்பதால் அந்தப் பாதையில் எனக்குக் கொஞ்சம் வாய் வரும்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். பள்ளிக்கூடத்திலை இத்தாலியன் படிக்கச் செவ்வாயும் வியாழனும் தனி வகுப்பு இருக்காம். பிள்ளையை விடட்டோ எண்டு கேட்டவை. எனக்கு அந்த நேரம் வேலை, கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை. தேவையோ அண்ணை?"

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தேவையில்லைத் தங்கச்சி. உங்கடை பிள்ளை இஞ்சை பிறந்த பிள்ளையளை விடக் கெட்டிக்காரி. ஒரு சொல் விடாமல் கண்டுபிடிக்கிறாள்."

சுகந்தியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் பெருமையாக இருந்தது. ஒரு தாய்க்கு நல்ல செய்தி சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

பாஸ்கா என்ற ஈஸ்டர் பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது சுகந்தி ஒரு மாலை சித்திரக்கூட வாசலுக்கு வந்தார். வேலை உடுப்போடு, கையில் பள்ளிக்கூடக் கடிதம்.

"அண்ணை, பிள்ளை எட்டு மாசமா வகுப்பிலை வாயே திறக்கேல்லையாம். சொல்லுறதும் விளங்குறேல்லையாம். வாற வருசம் ஐஞ்சுக்கு விடேலாதாம், மூண்டாம் வகுப்புச் சின்னப் பிள்ளையளோடை கொண்டுபோய் இருத்தப்போகினமாம். பாஸ்கா முடிய வரச் சொல்லிக் கூட்டம் வைச்சிருக்கினம். அண்டைக்கு முடிவாம்." கொஞ்சம் நிறுத்தி, குரலை உயர்த்தாமல் கேட்டார். "நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள், கெட்டிக்காரி எண்டு?"

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று ஆரணி உள்ளே ஒரு தாளை முடித்திருந்தாள். படம் வைத்து வரையும் மூன்று கால் மரச்சட்டம் ஒன்றில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவளுடைய தாளில் மிக நீளமான சொல், சாய்வாகப் போகிற சொல், 'கவல்லெத்தோ'. அழகாக வட்டம் போட்டிருந்தாள்.

"ஆரணி, கவல்லெத்தோ எண்டா என்ன?"

"தெரியாது அங்கிள்."

"பிறகெப்பிடிப் பிள்ளை கண்டுபிடிச்சனீ?"

"கீழை எழுதியிருந்தது. அதே மாதிரி மேலையும் இருந்தது. வட்டம் போட்டன்."

அவள் சாய்ந்திருந்த அந்த மரச்சட்டத்தின் பெயர்தான் கவல்லெத்தோ.

பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. அந்தப் பொருளை நான் வருடக்கணக்காகத் தூக்கி வைத்தேன், துடைத்தேன், அதன் திருகாணியை இறுக்கினேன். மனதுக்குள் 'முக்காலி' என்று பெயர் வைத்திருந்தேன். அதே வருடங்களில் பேருந்தில் இருந்து கவல்லெத்தோ என்ற சொல்லுக்கு எத்தனை வட்டம் போட்டிருப்பேன் என்று தெரியாது. இரண்டும் ஒன்று என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. சின்யோரா பக்கத்தில் வந்து விரலால் காட்டிச் சொல்பவர் என்பதால் எனக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை. அவர் தந்த துண்டுகளில் இருந்த சொற்களை நான் எழுத்தெழுத்தாகக் கட்டத்தில் அடுக்கினேன். அன்றைய தாளின் இருபது சொற்களில் ஏழின் பொருள் அன்றும் எனக்குத் தெரியாது. தெரியாதவன் செய்த தாளைத் தெரியாத பிள்ளை நான்கு நிமிடத்தில் முடித்தாள். அதை நான் படிப்பு என்று ஒரு தாய்க்குச் சொல்லியிருந்தேன்.

இதைச் சின்யோராவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் தூரிகை கழுவுகிற நேரமாகப் பார்த்துப் போனேன். முகத்தைப் பார்க்காமல் சொல்லலாம் என்று.

"சின்யோரா, நான் செய்த தாளில் இருக்கிற சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியாது."

அவர் தண்ணீரை நிறுத்தினார். "எத்தனை தெரியாது?"

"ஏழு."

"இத்தனை வருடத்தில் நானும் உங்களிடம் கேட்கவில்லை" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சரி. வாருங்கள்."

அன்று ஒரு மணி நேரம் நான் அந்த அறையைச் சுற்றி நடந்தேன். ஒவ்வொரு பொருளிலும் கை வைத்து, "க்வெஸ்தோ கோமே சி கியாமா?" என்று கேட்டேன். இதற்கு என்ன பெயர் என்று அர்த்தம். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்து, அந்தக் கேள்வியை நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. முதல் மூன்று தடவை குரல் வெளியே வரவில்லை. பத்தாவது பொருளுக்கு வந்தபோது எனக்கே ஆசை வந்துவிட்டது. வர்ணம் குழைக்கும் பலகை, அதில் பெருவிரல் நுழைகிற ஓட்டை, துணியை இழுத்துக் கட்டிய ஆணி, ஆணியின் தலை, அதன் நிழல். கைபட்ட சொல் எதுவும் பிறகு எனக்கு மறக்கவில்லை. அந்தக் கெட்ட சொல்லைப் பிள்ளைகள் அவ்வளவு ஆசையாகத் தேடியது, பட்டியலில் இல்லாமலே அதன் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் என்பதும் அன்றுதான் விளங்கியது.

சனிக்கிழமைக்கு முப்பது தாள்கள் ஏற்கனவே அச்சடித்து வைத்திருந்தேன். அன்று காலை கத்தரிக்கோலை எடுத்து, முப்பதிலும் அடியிலிருந்த பட்டியலை வெட்டினேன். தம்பி கேட்ட கட்டு அதுதான்.

பிள்ளைகளுக்குப் புது விதியைச் சின்யோரா சொன்னார். தேட வேண்டிய சொல் தாளில் இல்லை, அறைக்குள் இருக்கிறது. அடையாளத்துக்கு நூல் கட்டிய இருபது பொருள்கள். பொருளைத் தொட வேண்டும். யாரிடமாவது போய் அதன் பெயரைக் கேட்க வேண்டும். ஒரே ஆளிடம் அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்கக்கூடாது. பெயர் கிடைத்த பிறகுதான் கட்டத்தில் தேட வேண்டும்.

"இது நியாயமில்லை!" என்று ஜோர்ஜா கத்தினாள். ஆனால் அறையில் அவளுக்குத்தான் எல்லாப் பெயரும் தெரியும் என்பது விளங்கியவுடன் ஒரு கதிரையில் ஏறி நின்று, "வாருங்கள், வாருங்கள், மலிவு, மலிவு!" என்று பல்லரோச் சந்தை மீன்காரர் மாதிரிக் கூவத் தொடங்கிவிட்டாள்.

ஆரணி முதல் பொருளைத் தொட்டாள். அப்படியே நின்றாள். பிறகு மெல்ல என்னிடம் வந்தாள்.

"அங்கிள், உதுக்கு என்ன பேர்?"

என் வாய்வரைக்கும் பெயர் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். "இஞ்சை தமிழ் இல்லை, பிள்ளை."

அவளுடைய கண் நிறைந்ததைப் பார்க்க முடியாமல் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அந்தச் சனிக்கிழமை அவளுடைய தாள் வெறுமையாக இருந்தது. எப்போதும் முதலாவதாக முடிக்கிற பிள்ளையின் தாள். கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்குச் சற்று அதிகம் இருந்தது.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். நானே ஒளிந்துகொண்டு இருக்கிறவன். பிள்ளையை மட்டும் முன்னே தள்ளினால் அது எப்படிச் சரியாகும்? அடுத்த கிழமை நடுவில், தாயிடம் கேட்டு, அவளைத் தோத்தோவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நான் ஒண்டு கேப்பன். பிறகு நீ ஒண்டு கேக்கவேணும். நான் கேக்காட்டி நீயும் கேக்கவேண்டாம்."

"நீங்கள் கேக்கமாட்டியள் அங்கிள்" என்றாள். "உங்களுக்கும் பயம்தானே."

பிள்ளைகளிடம் எதையும் மறைக்க முடியாது. கடை நிறைய ஆட்கள் வேறு. நான் சீனிக் கிண்ணத்தில் கை வைத்து, தோத்தோவைப் பார்த்து, க்வெஸ்தோ கோமே சி கியாமா என்றேன். ஏழு வருடமாக ஒரு சொல் பேசாமல் தாளை நீட்டிய மனிதன் திடீரென்று கேட்டதும் தோத்தோவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"மாதாவே, ஆள் கதைக்கிறான்!" என்று கடைக்கே அறிவித்தார். எல்லோரும் திரும்பினார்கள். என் காது இரண்டும் எரிந்தன. ஆரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே விழுந்த கரண்டியைத் தொட்டு, தோத்தோவுக்குக் கேட்டும் கேளாத குரலில் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் முழங்காலில் குந்தி, ஒரு பெரிய ரகசியம் சொல்கிறவர் மாதிரிக் கரண்டியின் பெயரை அவளுடைய காதில் சொன்னார். பிறகு கடையில் உள்ளதெல்லாம் கேட்டோம். கோப்பி குடிக்க வந்தவர்கள் கடிகாரத்தையும் தொப்பியையும் நீட்டி, "இதைக் கேள், இதைக் கேள்" என்றார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் ஜோர்ஜாவிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் மாறி மாறி ஆறு பெயர் கேட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை பதினான்கு.

கூட்டத்து அன்று சுகந்தி என்னையும் வரச் சொன்னார், மொழிபெயர்க்க. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அதற்கு முன் ஒருவரும் இல்லை.

தலைமை ஆசிரியையின் அறை. வகுப்பு ஆசிரியையும் இருந்தார். கெட்டவர் இல்லை, களைத்தவர். படமட்டைகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். "ஆரணி, இது என்ன?"

பிள்ளை மட்டையைப் பார்த்தது. பேசவில்லை. இரண்டாவது மட்டை. மூன்றாவது. ஆசிரியை தலைமை ஆசிரியையைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். சுகந்தி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நல்ல நிலம், யாரோ ஒழுங்காகத் துடைத்திருந்தார்கள்.

ஆரணியின் வலதுகை கதிரையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் விளையாட்டில் படமட்டை இல்லை. தொடாமல் பெயர் சொல்ல நாங்கள் அவளுக்குப் பழக்கவில்லை.

எனக்குத் தெரிந்த முழு இத்தாலிய மொழியையும் ஒன்றுசேர்த்து எழும்பி நின்றேன். "சின்யோரா, மன்னிக்கவும். பிள்ளையை எழும்பி நடக்க விடுங்கள். அவள் தொட்டால்தான் சொல்வாள்."

ஆசிரியை புருவத்தை உயர்த்தினார். தலைமை ஆசிரியை கையால் 'சரி' என்று காட்டினார்.

ஆரணி எழும்பினாள். சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. அதன் சட்டத்தைத் தொட்டாள். "கொர்னிச்சே." கண்ணாடியைத் தொட்டாள். "வேத்ரோ." எட்டி ஆணியைத் தொட்டாள். "கியோதோ." சட்டத்துக்குக் கீழே சுவரில் விழுந்திருந்த நிழலிலும் விரலை வைத்தாள். "ஒம்ப்ரா." ஆசிரியை பேனாவை வைத்துவிட்டார். பிள்ளை யன்னலுக்குப் போனாள். யன்னலின் சுருள் மறைப்பை ஏற்றி இறக்குகிற நாடாவைப் பிடித்தாள். அதன் பெயர் அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மறுபடி நிலத்தைப் பார்த்தேன், இந்தமுறை வேண்டுமென்றே.

அவள் ஆசிரியையிடம் நடந்து போய், பக்கத்தில் நின்று, மெதுவாகக் கேட்டாள். "மயெஸ்த்ரா, க்வெஸ்தோ கோமே சி கியாமா?"

எட்டு மாதத்தில் அந்த ஆசிரியை அவளிடமிருந்து கேட்ட முதல் வசனம் அது. அவர் நாடாவைப் பார்த்தார். "இதுவா? இது... இது வந்து..." அவருக்கு அந்த நேரம் பெயர் வரவில்லை. தலைமை ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். "சிங்கியா!" என்று அவரே சொன்னார். ஆரணி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் வகுப்புக்கே விடுவதாக முடிவு செய்தார்கள். செவ்வாயும் வியாழனும் தனி வகுப்புக்கு வரவேண்டும் என்பது நிபந்தனை. கூட்டிக்கொண்டு வருகிற வேலையை நான் ஏற்றேன். என் பிழைக்கு அதுவாவது செய்ய வேண்டும்.

படியிறங்கும்போது சுகந்தி சொன்னார்: "அண்ணை, பெரிய உபகாரம். ஆனா ஒண்டு. இனிமேல் பிள்ளை கெட்டிக்காரியோ இல்லையோ எண்டு நீங்கள் எனக்குச் சொல்லாதேங்கோ. நான் பள்ளிக்கூடத்திலேயே கேக்கிறன்."

"ஓம், தங்கச்சி" என்றேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு பேருந்துக்குப் போனோம். அன்று என் கையில் புத்தகம் இல்லை. எங்கேயோ விட்டுவிட்டேன் போலும். பிறகு தேடவும் இல்லை.

தம்பி கார்த்திக், இதுதான் எலி கடித்த கதை. ஆப் ஒரு வினாடியில் கட்டம் போடட்டும், நல்லதுதான். பட்டியலை மட்டும் அச்சடிக்க வேண்டாம். மிச்சம் வருகிற நேரத்தில் அறையைச் சுற்றி நடந்து வாருங்கள்.

முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டதால் போன வருடம் ஐம்பத்தேழு வயதில் வேலையை விட்டேன். கடைசிச் சனிக்கிழமை சின்யோரா பேச்சு எதுவும் வைக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகள் ஒரு தாளைக் கையில் தந்தார்கள். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிற ஆரணி வந்து கூட நின்று செய்தாளாம். பட்டியல் இல்லை. நூல் கட்டிய ஏழு பொருள்கள், ஏழும் என்னுடையவை. வாளி, துடைப்பம், நிலத்துணி, கையுறை, ஏணி, சவர்க்காரம். ஆறையும் தொட்டு, பெயர் சொல்லி, வட்டமும் போட்டுவிட்டேன்.

ஏழாவது, நிலத்தில் தேங்கிய தண்ணீரைத் தள்ளுகிற, ரப்பர் வைத்த நீளக் கம்பு. இருபத்தொரு வருடம் என் கையில் இருந்தது. அதற்கு நான் 'ரப்பர்' என்று பெயர் வைத்திருந்தேன். உண்மைப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஆரணியிடம் குனிந்து கேட்டேன்.

"பிள்ளை, உதுக்கு என்ன பேர்?"

அவள் சின்யோராவைப் போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இஞ்சை தமிழ் இல்லை, அங்கிள்."

நான் நிமிர்ந்தேன். காது சுட்டது. அறை முழுவதற்கும் கேட்கிற குரலில் கேட்டேன்.

முப்பது பேரும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள்.